ஏணி பிடிக்கிறவன் பேச வேண்டும்

தமிழ்செல்வனின் நோட்டில் பத்தொன்பது கதைகள் இருந்தன. ஒன்றுக்கும் முடிவு கிடையாது.

ஆரம்பமெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஒருவர் பஸ் ஏறுவார். ஒரு பெண் கதவைத் திறப்பாள். ஒருவர் மருந்துக் கடை வாசலில் சீட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுவார். மூன்றாம் பக்கத்திலோ நான்காம் பக்கத்திலோ அவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். நாலு வருடமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அவனுக்குச் சொந்த ஊர் தொண்டிப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மனைவி இறந்த பிறகு ஊரில் இருக்கப் பிடிக்காமல் திருப்பூர், சேலம் என்று சுற்றி, நாற்பத்து மூன்றாவது வயதில் கொல்லிமலைக்கு வந்து சேர்ந்திருந்தான். வளப்பூர் நாடு என்கிற பகுதியில் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பாதி கட்டி நின்றுபோன லாட்ஜுக்கு வாட்ச்மேன். கதவு வைக்காத எட்டு ரூமையும் நாற்பது மூட்டை இறுகிப்போன சிமெண்டையும் யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது வேலை. யாரும் வருவதில்லை. பேச ஆள் இல்லாமல் போனதால்தான் அவன் எழுதவே ஆரம்பித்திருந்தான். யாரிடம் கற்றுக்கொள்வது, யாரிடம் காட்டுவது என்று தெரியாது. கையில் கிடைத்த வாரப் பத்திரிகைகளைப் படித்து, இப்படித்தான் எழுத வேண்டும் போல என்று அவனாகவே ஊகித்துக்கொண்டதுதான்.

அந்தத் தை முதல் தேதி அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இனி வாரம் ஒரு கதை. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும். நன்றாக இருக்கிறதோ இல்லையோ, முடிந்திருக்க வேண்டும். தை முடிவதற்குள் ஒன்றுகூட முடியவில்லை என்றால், தனக்கு இது வரவில்லை என்று ஒப்புக்கொண்டு நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவது. ஆத்திரத்தில் எடுத்த முடிவில்லை. நிதானமாக யோசித்து எடுத்ததுதான்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் இருபதாவது கதையை ஆரம்பித்து, அதுவும் மூன்றாம் பக்கத்தில் போய் நின்றது.

அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் பக்கத்துத் தோட்டத்துச் சின்னக்கண்ணு வேலியைத் தாண்டி வந்தார். ஐம்பது வயதிருக்கும். மிளகும் பலாவும் கொஞ்சம் மரவள்ளியும் வைத்திருக்கிறவர்.

"ஏனுங்க தம்பி, சும்மாதான உக்காந்திருக்கறீங்க?"

"எழுதிக்கிட்டு இருக்கேண்ணே."

சின்னக்கண்ணு எட்டி நோட்டைப் பார்த்தார். பக்கம் வெள்ளையாக இருந்தது.

"ஆமாங்க, தெரியுது," என்றார். "எங்கூட ஏணி புடிக்கற பங்காளி திருப்பூருக்குப் போயிட்டானுங்க. மொளகு பழுக்க ஆரம்பிச்சிருச்சு. நீங்க வந்து புடிச்சுக் குடுத்தா நெம்ப ஒத்தாசையா இருக்கும். மத்தியானச் சோறு எங்க ஊட்ல."

மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் முப்பது நாற்பது அடிக்கு ஏறியிருக்கும். அதைப் பறிக்க அங்கே வைத்திருந்த ஏணி ஒற்றை மூங்கில். கணுவுக்குக் கணு பக்கக் கிளையைக் கொஞ்சம் விட்டு வெட்டியிருப்பார்கள், அதுதான் படி. மேலே போனதும் நுனியை மரத்தோடு கயிற்றில் கட்டிக்கொள்வார் சின்னக்கண்ணு. பக்கம் மாறவோ இறங்கவோ கட்டை அவிழ்த்துவிட்டால், ஒற்றை மூங்கில் உருளப் பார்க்கும். அப்போது அதை நிறுத்தி வைப்பது கீழே இருக்கிறவனின் இரண்டு கைகள் மட்டும்தான்.

"ஒரே ஒரு விசயமுங்க," என்றார், ஏறுவதற்கு முன். "வாய மூடக் கூடாது. பேசிட்டே இருக்கோணும்."

"எதுக்குண்ணே?"

"மூஞ்சி கொடிக்குள்ள இருக்கும். கை ரெண்டுலயும் வேல. நான் கீழ பாக்க முடியாது. உங்க சத்தம் வந்தா ஆளு ஏணிகிட்ட இருக்குதுன்னு அர்த்தம். சத்தம் வர்லீன்னா நான் கயிற அவுக்க மாட்டேன்."

அந்தத் தோட்டத்தில் அவருடைய அப்பன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். பங்காளி ஊர்வம்பெல்லாம் பேசுவானாம். தமிழ்செல்வனுக்குப் பேச எந்த வம்பும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ண ஆரம்பித்தான். நூற்றி எழுபதைத் தாண்டியதும் மேலேயிருந்து சத்தம் வந்தது.

"ஏனுங்க, சந்தையில ஆடு எண்றீங்களா? தூக்கம் வருதுங்க. வேற ஏதாச்சும் சொல்லுங்."

கீழ்க்கொடியில் பறித்துக்கொண்டிருந்த சின்னக்கண்ணுவின் மனைவி குப்பாயி சிரித்துவிட்டாள். "உடுங்க, பாவம். ஊமையாட்டம் இருக்கறவரக் கொண்டாந்து ஏணிகிட்ட நிறுத்துனா அவரு என்ன பண்ணுவாரு?"

அவனுக்கு ரோசம் வந்தது. நோட்டிலிருந்த ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தான். ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார். ஸ்டாப்பிங் மாறி வேறு ஊரில் இறங்கிவிடுகிறார். அங்கே ஒரு வீட்டில் சம்பந்தி வருவதாக எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். இவரைப் பார்த்ததும் வாங்க வாங்க என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் இலை போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். மூன்றாம் பக்கம் அவ்வளவுதான். அவன் நிறுத்தினான்.

"தம்பி, ஏணிய உட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"இல்லண்ணே, பிடிச்சிருக்கேன்."

"அப்பறம் ஏனுங்க சத்தத்தக் காணோம்? எலையில என்ன போட்டாங்க?"

யோசிக்க நேரமில்லை. வாய் தானாகப் போயிற்று. "சாம்பார் ஊத்துனாங்க. வடை வச்சாங்க. மனுசனுக்குப் பசிண்ணே. சரி, சாப்பிட்டுட்டே சொல்லுவோம்னு சாப்பிட்டாரு. கை கழுவிட்டு உண்மையச் சொல்லிட்டாரு."

"திட்டுனாங்களா?"

"இல்ல. அந்த வீட்டம்மா சொல்லிச்சு: தெரியுங்க, ரெண்டாந்தரம் நீங்க சோறு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு, சம்பந்தி அப்பிடிக் கேக்க மாட்டாருன்னு."

மரத்தின் மேல் சின்னக்கண்ணு சிரித்ததில் பழுத்த மிளகு நாலைந்து அவன் தலையில் விழுந்தது. "மரத்துல இருக்கறவனச் சிரிக்க வைக்காதீங்க சாமி," என்று குப்பாயி கத்தினாள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்து, சொன்னதைச் சொன்னபடி எழுதினான். வெளிச்சம் போவதற்குள் முடிந்துவிட்டது. கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அப்படியே பழகிப்போனது. காலையில் ஏணி, மத்தியானம் குப்பாயி வீட்டில் சோறு, சாயங்காலம் எழுத்து. திங்களிலிருந்து ஒரு கதையைத் துண்டு துண்டாகச் சொல்வான். சனிக்கிழமைக்குள் அது எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் திருத்தி எழுதுவான். இரண்டு பேரும் சும்மா கேட்கிறவர்கள் இல்லை. "அந்தப் பொம்பள எதுக்கு ஓயாம அழுவறா? அவளுக்கு ஆடு மாடு ஒண்ணும் இல்லியா?" என்று குப்பாயி கேட்பாள். "வக்கீலு வர்ற எடம் ஜவ்வா இழுக்குதுங்க, மரத்த மாத்துனாப்பல ஆளயும் மாத்துங்க," என்பார் சின்னக்கண்ணு. மாசி முடிகிறபோது ஆறு கதைகள் முடிந்திருந்தன.

ஏழாவதுதான் சிக்கலாகிவிட்டது.

உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் கதை அது. பிறந்ததிலிருந்து வெயிலைத் தவிர ஒன்றும் அறியாதவள். குளிர் என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க, இரவல் ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு தன்னந்தனியாக மலைக்கு பஸ் ஏறுகிறாள். இந்தக் கதை அவனுக்கே பிடித்திருந்தது. சொல்லும்போது நல்ல நல்ல வரிகளாக வந்தன. சாயங்காலம் எழுத உட்கார்ந்தால் பாதி வரிகள் மறந்துபோயிருந்தன. அதனால் செவ்வாய்க்கிழமை நோட்டையும் பேனாவையும் இடுப்பில் செருகிக்கொண்டு போனான். தோளை மூங்கிலில் சாய்த்துக்கொண்டு ஒரு கையால் பிடித்தபடி, இன்னொரு கையால் ஒன்றிரண்டு வார்த்தை குறித்துக்கொள்வான். மேலே இருக்கிறவருக்குத் தெரியாது. பேச்சுத்தான் நிற்கவில்லையே.

புதன்கிழமை பத்து மணிவாக்கில், அந்தப் பெண் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வரி வந்தது. குளிர் என்பது அவளுக்கு அடுத்த வீட்டில் கேட்ட பாட்டு. வாயால் சொல்லிவிட்டான். சொன்னதும் இதை விடக் கூடாது என்று தோன்றியது. நோட்டைப் பிடிக்க ஒரு கை, எழுத ஒரு கை. தோள் மூங்கிலில் இருக்கிறது என்றுதான் நினைத்தான். வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது, பஸ் வளைவில் திரும்புகிறது, அவள் ஜன்னல் கம்பியைப் பிடிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்தச் சத்தத்தை நம்பி மேலே சின்னக்கண்ணு கயிற்றை அவிழ்த்தார்.

மூங்கில் உருண்டது. அவர் "ஐயோ" என்றது மலைக்கே கேட்டிருக்கும். நல்லவேளையாகக் கொடியைப் பிடித்துக்கொண்டு, அது பிய்ந்து பிய்ந்து வர, பாதித் தூரம் சறுக்கி, கடைசி எட்டடி கீழே விழுந்தார். வலது கால் அடியில் மடங்கியிருந்தது.

குப்பாயி ஓடி வந்தாள். கணவனைப் பார்த்தாள். பிறகு தமிழ்செல்வனைப் பார்த்தாள். அவன் கையில் நோட்டும் பேனாவும் அப்படியே இருந்தன.

சின்னக்கண்ணுதான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "பேச்சு வந்துட்டுத்தானுங்க இருந்துச்சு?"

ஊரில் வாடகைக்கு வேன் ஓட்டுகிற ராசுவின் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணுக்காலில் விரிசல், மாவுக்கட்டு, ஒரு மாதம் கால் ஊன்றக் கூடாது. தமிழ்செல்வன் கூடவே போனான், கூடவே வந்தான். அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்பி, நோட்டைத் துணிப்பெட்டியின் அடியில் வைத்து மூடினான். அடுப்பில் போட மனம் வரவில்லை. ஆனால் எழுதுவது முடிந்துவிட்டது என்று தெரிந்தது. ஒரு வரிக்காக ஒரு மனிதனை மரத்திலிருந்து விழ வைத்தவன் வேறு ஏதாவது வேலை பார்க்கலாம்.

அந்த ஞாயிறு கதை இல்லாமல் போயிற்று.

திங்கட்கிழமை காலை குப்பாயி வேலியருகே வந்து நின்றாள். தலையில் துண்டு கட்டி, சேலையைத் தூக்கிச் செருகி, தோளில் சாக்குப் பை மாட்டியிருந்தாள்.

"வாங்க. மொளகு கொட்டுது. குருவி பாதியத் தின்னுட்டுது."

"யாருக்கா ஏறுறது?"

"நாந்தான். கல்யாணத்துக்கு முந்தி எங்கப்பன் தோட்டத்துல நாந்தான் ஏறுவேன். வந்து ஏணியப் புடிங்க."

"என்னைய நம்பி ஏறாதீங்கக்கா."

"நம்பல," என்றாள் குப்பாயி. "நம்பறதுக்கு நீங்க என்ன பண்ணிக் கிழிச்சுட்டீங்க? வேற ஆளு கெடைக்கலீங்க. அதான்."

அவன் போனான். மூங்கிலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் நாலு படி ஏறிவிட்டு நின்றாள்.

"பேசுங்க."

"பேச்ச நம்பித்தாங்கா அண்ணன் விழுந்தாரு. நான் பேசாம பிடிச்சிக்கிறேன்."

"நீங்க பேசாம இருந்தா நான் ஏறாம இருப்பேன். ரெண்டு பேரும் இப்பிடியே பொழுது சாயற வரைக்கும் நிப்போம்."

கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு அவள் இறங்கி வந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து, அவனுடைய இரண்டு மணிக்கட்டையும் மூங்கிலோடு சேர்த்துச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். மாட்டைக் கட்டுகிற முடிச்சு.

"இப்பப் பேசுங்க. கை எங்கிருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

ஏறிப் போய்விட்டாள். அவன் என்ன பேசுவது என்று தெரியாமல் வெயில், மழை என்று உளறிக்கொண்டிருந்தான். மேலே கொடி அசைந்தது.

"அந்த உப்பளத்துக்காரி என்ன ஆனா?"

"அந்தக் கதை வேணாங்கா."

"எனக்கு வேணாம். அவருக்கு வேணும். காலத் தூக்கி வச்சுட்டுப் படுத்திருக்காரு, பொழுது போவுல. பஸ்ஸுல ஏத்தி உட்டவள எறக்கி உடுங்கன்னு சொல்றாரு."

கை கட்டியிருந்ததால் அவனால் முகத்தைக்கூடத் துடைக்க முடியவில்லை. சொன்னான். மலைக்கு வந்து இறங்கினால் உச்சி வெயில். குளிரே இல்லை. அவள் ஏமாந்து போகிறாள். திரும்பிப் போகாமல் பஸ் ஸ்டாப்பில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்கிறாள். பொழுது இறங்கினதும் குளிர் வருகிறது. அப்போது ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறாள்.

"கிறுக்கச்சி," என்றாள் குப்பாயி. கொஞ்ச நேரம் பறித்தாள். "ராத்திரிக்கு எங்க தங்குனா?"

"அது கதையில இல்லக்கா."

"நல்ல கதை," என்றாள். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுவதும் கை கட்டப்பட்டுத்தான் நின்றான். சனிக்கிழமை மத்தியானம் சோற்றுக்குப் போனபோது சின்னக்கண்ணு கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுப் போட்ட கால் இரண்டு தலையணை மேல் இருந்தது.

"தம்பி, ஒரு விசயங் கேக்கோணும். உப்பளத்துக்காரி நம்மூட்டுக்கு வந்தாளாமே?"

"எந்த வீட்டுக்குண்ணே?"

"இங்க. நம்மூட்டுக்கு. இவதான் பஸ் ஸ்டாப்புல போய்க் கூட்டியாந்து, ராகிக் களி கிண்டிப் போட்டு, படுக்கப் பாய் குடுத்தாளாம். காலைல போறப்ப அவ ஸ்வெட்டர இவளுக்கே குடுத்துட்டுப் போயிட்டாளாம். நேத்து அப்பிடிச் சொன்னா. முந்தாநேத்து கம்பளின்னு சொன்னா. ஒரு நாளைக்கு ஒரு மாதிரி சொல்றா."

குப்பாயி குழம்புச் சட்டியிலிருந்து திரும்பவில்லை. "பொட்டப்புள்ளைய ராத்திரில ரோட்ல உக்கார வச்சுட்டு வர்றதுக்கு எனக்கு மனசு வர்லீங்க. கதை சொல்றவருக்கு வருது."

"எழுதிக் கொண்டாங்க தம்பி," என்றார் சின்னக்கண்ணு. "எழுத்துல இருந்தா இவ மாத்த முடியாது. நாளைக்குச் சாயந்தரம் வந்து படிச்சுக் காட்டுங்க."

தமிழ்செல்வன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "எழுதறத விட்டுட்டேண்ணே."

"எப்ப?"

"நீங்க விழுந்தன்னிக்கு."

சின்னக்கண்ணு தன் காலைப் பார்த்தார். "நான் உழுந்ததுக்கு நீங்க எழுதாம இருந்தா என்ன கெடைக்கும் எனக்கு? காலு நாளைக்கே கூடிருமா?" பிறகு குரல் கொஞ்சம் தடித்தது. "நோட்ட எடுத்துட்டுத் தோட்டத்துக்குள்ள வராதீங்க. அத மட்டும் செய்யுங்க. சோத்தத் தின்னுங்."

ஞாயிறு காலை அவன் பெட்டியைத் திறந்தான். நோட்டில் கடைசியாக எழுதின பக்கம் வந்தது. அந்த வரி பாதியில் நின்று, பேனா கோணலாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. திரும்பத் திரும்பப் படித்தான். நல்ல வரிதான். ஆனால் உப்பளத்தில் பாத்தி மிதித்தே வளர்ந்த அந்தப் பெண் அப்படி நினைக்கிறவள் இல்லை. அது அவனுடைய வரி. அவளுடையது இல்லை. அடித்தான். புதுப் பக்கத்தில், கை கட்டி நின்றபோது சொன்னதில் எதுவெல்லாம் ஆறு நாள் கழித்தும் ஞாபகத்தில் இருந்ததோ அதை மட்டும் எழுதினான். மறந்துபோனதைத் தேடவில்லை. நாலு மணிக்கு முடிந்தது.

சாயங்காலம் போய்ப் படித்தான். சின்னக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குப்பாயி முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றுகிற இடம் வந்ததும் முறம் நின்றது. படித்து முடித்ததும் சின்னக்கண்ணு கண்ணைத் திறந்தார்.

"இவ சொன்னது நல்லாருக்குதுங்க," என்றார். "நீங்க சொன்னது நடந்தாப்பல இருக்குது."

"நடந்தாப்பல இருந்தா ஆச்சா?" என்றாள் குப்பாயி. முறம் மறுபடி ஆடியது.

பங்குனி கடைசியில் மிளகு தீர்ந்தது. மாவுக்கட்டையும் பிரித்துவிட்டார்கள். ஏணியைக் கழுவி வீட்டின் பின்புறம் படுக்க வைத்தார்கள். அன்று பிரியும்போது சின்னக்கண்ணு சொன்னார்: "வர்ற வாரம் பூரா நாங்க இல்லீங்க. முள்ளுக்குறிச்சில பங்காளி ஊட்டு விசேசம். மலையெறங்கற அத்தன வளைவுலயும் இந்தக் கால எங்க நீட்டறதுன்னு தெரியல. ஞாயித்துக்கெழம கழிச்சுத்தான் வருவோம்."

அந்த வாரம் ஏணி இல்லை. கேட்கிறவர்களும் இல்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவன் லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. புதன்கிழமை எழுந்து, ரூம் ரூமாக நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தான். கதவில்லாத ரூம்களில் குரல் எதிரொலித்தது. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு போகப் போகச் சரியாயிற்று. ஒரு சிமெண்டு லாரி டிரைவரின் கதை. வெள்ளிக்கிழமை அது எங்கே போகிறது என்று தெரிந்தது. சனிக்கிழமை, அப்படித் தெரிந்தது தப்பு என்று தெரிந்தது.

ஞாயிறு மத்தியானம் மழை பிடித்தது. இன்றைக்கு விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, நாளைக்கு எழுதி நேற்றுத் தேதி போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு தடவை நினைத்தான். ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. அவன் ஒழுகாத ரூமாகப் பார்த்து, ஒரு சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதினான். ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. சுமாரான கதை. டிரைவரின் தம்பி வருகிற இடம் பொய்யாக இருப்பது அவனுக்கே தெரிந்தது. அடியில் அன்றைய தேதியைப் போட்டு நோட்டை மூடிவிட்டு, உலை வைக்கப் போனான்.